விடுப்பு முடிந்து 41 நாட்கள்: சிப்பாய் தம்பி என்ன செய்ய வேண்டும்?

காசிமேட்டு வாசகர் ஒருவரின் கடிதம்: 14 ஆண்டுகள் 4 மாதங்கள் சிப்பாயாகப் பணியாற்றிய அவருடைய தம்பி, தாயாரின் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் வந்து, விடுப்பு முடிந்து 41 நாட்களாகியும் திரும்பவில்லை. ஹவில்தார் தொலைபேசியில் இழிவாகப் பேசியதாகவும், வேறொருவருக்கு மட்டும் விடுப்பு நீட்டிக்கப்பட்டதாகவும் எழுதியுள்ளார். போலீசார் வீட்டுக்கு வந்து விசாரித்துள்ளனர். "வந்து குற்றத்தை ஒத்துக்கொள், சின்ன தண்டனையோடு முடிந்துவிடும்" என்கிறது யூனிட். வெள்ளைக்காரன் காலத்துச் சவுக்கடிச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடலாமா என்பது அவர் கேள்வி.

ஹவில்தாரின் பேச்சை மறந்துவிடுங்கள். 1987-இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தபோது, சிப்பாய் எந்த அதிகாரி மீது புகார் கூறியிருந்தாரோ அவரே விசாரணையில் அமர்ந்திருந்தார். உங்கள் தம்பியை விசாரிக்கப் போவது ஹவில்தார் அல்லர். விடுப்பில் பாகுபாடு என்பதும் எதிர்வாதம் ஆகாது.

சட்டம் பார்ப்பது ஒன்றே ஒன்று: அவர் திரும்பும் எண்ணத்தோடு இருக்கிறாரா, இல்லையா. 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு அனுமதியின்றி வராமலிருப்பதைச் சொல்கிறது. அதிகபட்சம் 3 ஆண்டு. 38-ஆவது பிரிவு ஓடிப்போனதைச் சொல்கிறது. சாதாரண காலத்திலேயே 7 ஆண்டு. 30 நாள் கடந்தால் 106-ஆவது பிரிவின்படி விசாரணைக் குழு அமர்ந்து, அவர் வராததைப் பதிவு செய்யும். அதன் பிறகும் அவர் சரணடையாமலும் பிடிபடாமலும் இருந்தால் ஓடிப்போனவராகவே கருதப்படுவார். ஆகவே தாமாகப் போய் நிற்பது ஒன்றுதான் அவர் கையில் மிஞ்சியிருக்கும் சான்று.

சவுக்கடி இன்றைய சட்டத்தில் இல்லை. 1806-இல் வேலூரில் புதிய தலைப்பாகையை மறுத்த சிப்பாய்களைச் சென்னைக் கோட்டைக்குக் கொண்டுவந்து விசாரித்துச் சவுக்கால் அடித்தார்கள், அது பழங்கதை. பழங்கதையாகாமல் நிற்பது சம்மரி கோர்ட் மார்ஷல் என்னும் சுருக்க இராணுவ விசாரணை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வந்த அந்த ஏற்பாட்டில் கட்டளை அதிகாரி ஒருவரே நீதிமன்றம். லெப்டினன்ட் கர்னல் நிலையில் இருப்பவர் ஓராண்டு வரை சிறையும் பணிநீக்கமும் விதிக்கலாம். மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திராமல் உடனே நிறைவேற்றலாம். வழக்கறிஞர் அருகில் அமர்ந்து ஆலோசனை சொல்லலாமே தவிர, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவோ வாதாடவோ முடியாது.

என்னிடம் வருபவர்கள் விழும் குழி இதுதான். வியாசர்பாடிக்காரர் ஒருவர் கொண்டுவந்த சம்மரி கோர்ட் மார்ஷல் நடவடிக்கைத் தாளில் 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்' என்ற தட்டச்சு வரியும் அதன் கீழே அவசரத்தில் போட்ட கையெழுத்தும் இருந்தன; தாயாரின் நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சின்ன தண்டனை என்று நம்பிப் போட்ட அந்தக் கையெழுத்துக்குக் கிடைத்தது பணிநீக்கம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் முறையிடலாம்தான். ஆனால் சொந்தக் கையெழுத்தோடு மல்லுக்கட்டுவது எவ்வளவு கடினம் என்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பிக்கு ஓய்வூதியத்துக்கான 15 ஆண்டுகள் நிறைய 8 மாதங்களே பாக்கி. பணிநீக்கம் என்றால் முந்தைய சேவை முழுவதற்குமான ஓய்வூதியமும் பணிக்கொடையும் போகும்.

வழக்கு வேண்டாம், சமரசத்துக்குப் போங்கள். 80-ஆவது பிரிவின் கீழ் கட்டளை அதிகாரி கோர்ட் மார்ஷல் இல்லாமலேயே விசாரித்து, சிப்பாய்க்கு 28 நாள் வரை சிறை விதிக்கலாம். பணிநீக்கம் செய்ய முடியாது. எந்த வழி என்பதை முடிவு செய்பவர் அவர்தான். ஆனாலும் 80-ஆவது பிரிவிலேயே முடிக்கும்படி எழுத்தில் கேட்டு, அந்த 28 நாளைத் தலைவணங்கி ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். 38-ஆவது பிரிவில் குற்றச்சாட்டு வந்தால் மட்டும் ஒருபோதும் ஒப்புக்கொள்ளக் கூடாது. நாளை காலையே ரயில் ஏறட்டும். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, விடுப்பு நீட்டிப்புக் கேட்டு அனுப்பிய செய்திகள், ரயில் டிக்கெட் ஆகியவற்றின் நகல் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். யூனிட்டில் சரணடைந்த தேதியை எழுத்தில் வாங்கிய பிறகே அவர் வேறு எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டும்.