சாண்டினோவின் பாம்பு அண்டர்டேக்கரைக் கொத்தினால்? – கேள்வி பதில்

இந்த வாரக் கற்பனை மோதல், முடிவை முன்கூட்டியே எழுதி ஆடும் WWE மல்யுத்தத்திலிருந்து: சவம்போல வரும் அண்டர்டேக்கர் எதிர் கோமாளி சாண்டினோ மரெல்லா. WWE-யின் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் ஷான் மைக்கேல்ஸோடு மோதிய 2009–10 காலத்து அண்டர்டேக்கரையும், 2012 தொடக்கத்துச் சாண்டினோவையும் எடுத்துக்கொள்வோம். ஒத்தைக்கு ஒத்தை, சாதாரண விதிகள். யார் ஜெயிப்பார் என்று அடித்துக்கொள்ள வேண்டாம், அண்டர்டேக்கர்தான். எத்தனை நிமிடத்தில், எந்த வழியாக என்பதுதான் பேச்சு.

கேள்வி: அண்ணே, இதெல்லாம் ஒரு மேட்ச்சா? மணி அடிக்கணும், தொண்டையைப் பிடித்துத் தூக்கி அடிக்கிற ஒரு சோக்ஸ்லாம், வீட்டுக்குப் போகணும். 2009 ராயல் ரம்பிளில் கேன் 1.9 விநாடியில் வெளியே தள்ளின ஆள்தானே இவர்?

அதே ஆள்தான். ராயல் ரம்பிள் என்பது ஒவ்வொருவராக உள்ளே வர, மேல் கயிற்றுக்கு மேலாக வெளியே தள்ளப்பட்டவர் தோற்கும் கூட்டு மோதல். 1989இல் வார்லார்ட் 2 விநாடியில் வெளியேறியதுதான் அதுவரை சாதனை, அதையும் முறியடித்தார். ஆனால் அந்த நகைச்சுவை ஒரு தடவைக்குத்தான் செல்லும். அதே சாண்டினோ 2011 ராயல் ரம்பிளில் 40 பேரில் கடைசி இருவரில் ஒருவர். ஆல்பெர்டோ டெல் ரியோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, மேல் கயிற்றுக்கு மேலாக வெளியேற்றப்படாத சாண்டினோ உள்ளே வந்து கோப்ரா என்ற தன் பாம்புக் கொத்து அடியைப் போட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், காயம்பட்ட ராண்டி ஆர்ட்டனுக்குப் பதிலாக எலிமினேஷன் சேம்பர் என்ற கூண்டு மேட்ச்சுக்குள் போய், கோடி ரோட்ஸையும் வேட் பேரட்டையும் வெளியேற்றி, டேனியல் பிரையனோடு கடைசி வரை நின்றார். அன்றைக்கு அரங்கம் எழுந்து நின்றது, சிரிப்பதற்காக அல்ல. அந்தச் சாண்டினோவை 10 விநாடியில் முடித்தால் அண்டர்டேக்கருக்கும் ஒரு லாபமும் இல்லை. 7 நிமிடம் கொடுங்கள். 8 ஆனால் இழுவை.

கேள்வி: சார், கோப்ரா பட்டால் அண்டர்டேக்கர் விழுவாரா? உயரமே எட்டாதே!

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அறிவிக்கப்படும் கணக்கில் அண்டர்டேக்கர் 6 அடி 10 அங்குலம். சாண்டினோ ஏறக்குறைய ஒரு அடி குள்ளம். கோப்ரா என்பது விரல்களைப் பாம்புத் தலைபோலக் குவித்துத் தொண்டையில் கொத்துவது. எட்டிக் குதித்துக் கொத்தினால் பாம்பு மாதிரி இருக்காது, பரணில் இருந்து டப்பா எடுப்பது மாதிரி இருக்கும்.

இன்னொரு சிக்கல், அது மெதுவான அடி. முதலில் கையை விறைப்பாக நீட்டணும், மற்ற கையால் அதை மடக்கிப் படம் எடுக்க வைக்கணும், பச்சைப் பாம்பு உறையையும் மாட்டினால் இன்னும் தாமதம். அந்த 5 விநாடி எதிராளி தள்ளாடிக்கொண்டே நிற்கணும். அண்டர்டேக்கர் தள்ளாடி நின்றால் அவர் பாத்திரமே கெட்டது.

இரண்டுக்கும் ஒரே தீர்வு, அண்டர்டேக்கர் எழுந்து உட்காருவதுதான். மல்லாந்து கிடப்பவர், கையை ஊன்றாமல் இடுப்பிலிருந்து நேராக எழுந்து உட்காருவாரே, அந்த நேரத்தில் அவர் தொண்டை சாண்டினோவின் இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். சாண்டினோ முதுகைக் காட்டிக்கொண்டு நிதானமாகப் பாம்பைத் தயார் செய்யட்டும். பின்னால் அண்டர்டேக்கர் எழுந்து உட்காருவதை அரங்கம் மட்டும் பார்க்கும். திரும்பியதும் பயத்தில் ஒரு கொத்து. அவர் அப்படியே மல்லாந்து விழுவார். பின் போட்டால், அதாவது தோள்களைத் தரையில் அழுத்தினால், 2 வரை எண்ணலாம்; 3 எண்ணினால் ஆட்டம் முடிந்துவிடும். தோளை உதறி கிக் அவுட் செய்யக் கூடாது, மறுபடியும் எழுந்து உட்காரணும், சாண்டினோ அவர் மடியிலிருந்து உருண்டு போகணும்.

கேள்வி: சாண்டினோ நிஜத்தில் ஜூடோ பிளாக் பெல்ட் என்கிறார்களே? நிஜச் சண்டையானால் கதை மாறாதா?

ஆமாம், அந்தப் பாத்திரத்தில் நடித்த ஆன்டனி கரெல்லி சின்ன வயதிலிருந்து ஜூடோ பயின்றவர். கனடாவில் மிசிசாகாவில் பேட்டில் ஆர்ட்ஸ் அகாடமி என்ற பயிற்சிக்கூடம் நடத்தியவர். இத்தாலிக்காரர் வேடம்தான் கோமாளித்தனம், உடம்பு அல்ல.

தோள்மேல் வாரிப் போடும் செஓய் நாகே வகை எறிதலுக்குக் குள்ளமாக இருப்பது வசதிதான். எதிராளியின் எடையை முன்னங்காலுக்கு இழுத்துவிட்டு, அவர் இடுப்புக்குக் கீழே நுழையணும். உயரமான ஆளுக்கு அடியில் இடம் நிறைய. குறை எங்கே என்றால், ஜூடோவில் பாதிப் பிடி சட்டைக் காலரிலும் கைப்பகுதியிலும் இருக்கிறது. அண்டர்டேக்கர் அணிவது கையில்லாத பனியன் மாதிரி ஒன்று, அதனால் கையைப் பிடித்து எறிவதுதான் மிச்சம். எறிந்த பிறகு தரையில் தொடர்ந்தால் மாட்டினார். அண்டர்டேக்கரின் ஹெல்ஸ் கேட், கோகோபிளாட்டா என்ற பிடி. மல்லாந்து படுத்தபடியே முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பை எதிராளி தொண்டையில் வைத்துத் தலையை இழுப்பது. 2008 ரெஸில்மேனியாவில் எட்ஜ் தட்டி ஒப்புக்கொண்டது இதில்தான். ஆகவே எறியலாம், கூடப் படுக்கக் கூடாது.

கேள்வி: முடிக்க அண்டர்டேக்கரின் அடிகளில் எது, டூம்ஸ்டோனா, சோக்ஸ்லாமா, லாஸ்ட் ரைடா?

கைதட்டலுக்கு டூம்ஸ்டோன். கழுத்துக்கு சோக்ஸ்லாம்.

டூம்ஸ்டோனில் எதிராளி தலைகீழாக, வயிற்றோடு வயிறாக இருப்பார். தலை தொடைகளுக்கு நடுவே, முழங்காலுக்கு மேலே இறுகி இருக்கணும். முட்டி போட்டு இறங்கினால் அடி போடுபவரின் முட்டிக்குத்தான். 1997 சம்மர்ஸ்லாமில் ஓவன் ஹார்ட் முட்டி போடாமல் உட்கார்ந்தபடி இறங்கினார், ஸ்டீவ் ஆஸ்டினின் தலை அவர் தொடைக்குக் கீழே தொங்கியது, கழுத்து போனது. இப்படித் தலைகீழாகப் பிடித்து இறக்கும் பைல்டிரைவர் என்றாலே இன்றுவரை கை நடுங்குவதற்கு அந்தச் சம்பவமும் காரணம்.

சாண்டினோ 2014இல் ஓய்வு அறிவித்ததே கழுத்துப் பிரச்சினையால். சோக்ஸ்லாமில் பாதி வேலை விழுபவருடையது. அவரே எம்பிக் குதிப்பார், தாடையை நெஞ்சோடு ஒட்டுவார், முதுகு முழுக்கத் தரையில் படும்படி விழுவார். வாராந்தர ஷோ என்றால் அதுவே போதும். பெரிய மேடை என்றால் டூம்ஸ்டோன் இல்லாமல் ரசிகர்கள் விடமாட்டார்கள்.

கேள்வி: அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் இருக்கு, ஏழு தடவை செத்துப் பிழைச்சவர் என்பார்கள் எங்கள் ஸ்கூலில். அதைக் கணக்கில் எடுத்தீர்களா?

மல்யுத்த வீரர் படம் போட்ட ட்ரம்ப் கார்டு காலத்து ஆள் போலிருக்கிறது! அந்தக் கதைக்கு விதை 1994 ராயல் ரம்பிள். யோகோசூனாவோடு சவப்பெட்டி மேட்ச், ஒரு கும்பலே சேர்ந்து அவரைப் பெட்டிக்குள் அடைத்தது. சில மாதம் ஆளைக் காணோம். சம்மர்ஸ்லாமில் பிரையன் லீ என்பவர் போலி அண்டர்டேக்கராக வர, அசல் வந்து அவரைச் சாய்த்தார். ஒரு இந்திப் படத்தில் அண்டர்டேக்கராக அக்ஷய் குமாரோடு மோதியதும் அந்தப் பிரையன் லீதான், அசல் இல்லை. 1996, 2003 என்று புதைத்த கதைகள் வேறு.

கேள்வி: 7 நிமிடத்தையும் பிரித்துச் சொல்லுங்கள் ப்ரோ.

முதலில் வரவேண்டியது சாண்டினோ, அந்த வேகநடையோடு. இருட்டில் காத்திருப்பவர் அவராக இருந்தால்தான் வேடிக்கை. மணிச்சத்தம் கேட்டு விளக்கு அணையும்போது அவர் ரெஃப்ரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். நுழைவு நேரம் 7 நிமிடக் கணக்கில் சேராது.

முதல் நிமிடம் தொடுதலே வேண்டாம். சாண்டினோ கைகுலுக்க நீட்டுவார், இவர் பார்ப்பார், அவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவது நிமிடம் அண்டர்டேக்கருடையது. இங்கேதான் ஓல்டு ஸ்கூல் முக்கியம். மணிக்கட்டை முறுக்கிப் பிடித்து, மேல் கயிற்றில் நடந்து, குதித்துத் தோளில் அடிப்பாரே, அதைப் பாம்புக் கையிலேயே போடணும். பாம்பு செத்ததாகச் சாண்டினோ கையைப் பார்த்து அழலாம்.

நான்காவது நிமிடம் இரண்டாவது ஓல்டு ஸ்கூல் முயற்சி. சாண்டினோ கயிற்றை உலுக்க, அண்டர்டேக்கர் கயிற்றில் தடுமாறி விழுவார். அதுதான் திருப்பம். அதற்கு முன் ஒரு அடிகூட அவரைச் சாய்க்கக் கூடாது. பிறகு ஒரு இடுப்பு எறிதல், ஒரு தலைமுட்டு, கை மெல்ல உயிர்பெற்று எழுவது, மேலே சொன்ன கொத்து, 2 எண்ணிக்கை. ஐந்தரை நிமிடம் ஆகியிருக்கும். சாண்டினோ வெறுங்கையால் டிரம்போன் ஊதுவதுபோல நடிக்கும் தன் கொண்டாட்டத்தைத் தொடங்குவார். 2011 ரம்பிளிலும் கோப்ரா போட்ட பிறகுதான் டெல் ரியோவிடம் தோற்றார், ஆகவே ரசிகருக்கு முன்கூட்டியே தெரியும். திரும்பினால் தொண்டையில் கை. முடிவு.

கேள்வி: சாண்டினோ எந்த வழியிலும் ஜெயிக்க முடியாதா?

பின்னில் முடியாது, பிடி போட்டு ஒப்புக்கொள்ள வைக்கும் சப்மிஷனில் முடியவே முடியாது. ராயல் ரம்பிளில் முடியும். 2002இல் புதுமுகமான மேவன், பின்னாலிருந்து ஒரு டிராப்கிக் கொடுத்து அண்டர்டேக்கரை மேல் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். பிறகு அண்டர்டேக்கர் திரும்பி வந்து, ரிங்குக்கு வெளியே பாப்கார்ன் விற்கும் இடம் வரை அவரை இழுத்துப்போய் அடித்தார். சாண்டினோவுக்கும் அதே வழி, அதே செலவு.

கேள்வி: பைக்கில் வந்த அண்டர்டேக்கரோடு மோதவிட்டால்?

எழுத ரொம்ப எளிது, அதனாலேயே சுவை குறைவு. 2000–03 அண்டர்டேக்கர் மைக் பிடித்துப் பேசுவார், கிண்டல் அடிப்பார். எதிரே இருப்பவரும் பேசினால் சாண்டினோ வெறும் வாயாடி ஆகிவிடுவார். சவம்போல நிற்பவர் முன்னால்தான் கோமாளி எடுபடும்.

கேள்வி: கேன் டேனியல் பிரையனோடு சேர்ந்து 2012இல் காமெடி பண்ணினாரே, அவர் மதிப்பு குறையலையே? அண்டர்டேக்கரையும் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமே.

கேன் முகமூடியைக் கழற்றிய பிறகு எத்தனையோ வேடம் போட்டுவிட்டார், அவருக்குத் தாங்கும். இவருக்கு வேண்டாம். இந்த மேட்ச்சில் அண்டர்டேக்கருக்கு ஒரே ஒரு காமெடி போதும், அதையும் அவர் காமெடி என்று தெரியாமல் செய்யணும். பின் போடும்போது எதிராளியின் இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் மடித்து வைத்து, நாக்கை நீட்டுவார் அல்லவா? அப்போது உறை மாட்டிய பாம்புக் கை மேலே வரும்படி மடிக்கட்டும். மூன்று எண்ணும் வரை அந்தப் பாம்பு கூரையைப் பார்த்துக் கிடக்கும்.