பைண்டைப் பிரிக்கலாமா?

கேள்வி: என் மாமனார் 1950 முதல் 1958 வரை வெளிவந்த வார இதழ்களைச் சேர்த்து வைத்திருந்தார். சில தனி இதழ்கள். சில, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் எடுத்துத் தைத்த பைண்டுகள். முழுதாக விற்பதைவிட விளம்பரங்களை வெட்டிச் சட்டம் போட்டு விற்றால் பல மடங்கு கிடைக்கும் என்கிறார் பழைய புத்தக வியாபாரி ஒருவர். எதைச் செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வியாபாரி சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிக் கணக்கு. சுவரில் மாட்டுவதற்கென்று வாங்குபவர்கள் கேட்பது நடிகை சிரிக்கும் சோப்பு விளம்பரத்தையும் ரேடியோ விளம்பரத்தையும்தான். ஓர் இதழில் அப்படி மூன்று தேறினாலே அதிகம்; வண்ணத்தில் வந்த அவையும் பெரும்பாலும் அட்டையில்தான் இருக்கும். அவை போன பிறகு மிஞ்சுகிற தைலம், பல்பொடி விளம்பரத் துண்டுகளும் அட்டை இழந்த இதழும் உங்கள் பரணுக்கே திரும்பி வரும். அந்த இதழை எடைக்குத்தான் போட முடியும். தவிர, உட்பக்க விளம்பரத்தின் மறுபுறம் பெரும்பாலும் கதையோ கட்டுரையோ இருப்பதால், ஒன்றை வெட்டினால் இரண்டு போகும். எந்த வாரத்து இதழ் என்ற அடையாளமும் அதோடு தொலைந்துவிடும். தேதி தெரியாத விளம்பரத்தை, விவரம் அறிந்த சேகரிப்பாளர் தயங்கித்தான் வாங்குவார். ஆகவே அட்டையோடு முழுமையாக உள்ள தனி இதழ்களில் கத்தி வைக்காதீர்கள்.

பைண்டுகளின் சங்கதி வேறு. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்த ‘பொன்னியின் செல்வ’னை மணியம் ஓவியங்களோடு இப்படித் தைத்து வைத்த வீடுகள் ஏராளம். தைத்தவர்கள் அட்டைகளை அப்போதே கழற்றி எறிந்துவிட்டதால், வண்ண விளம்பரங்கள் அதில் இருக்கப்போவதில்லை. கதைப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு விளம்பரத்துக்காகப் பைண்டைப் பிரிப்பது வீண். ஒரு வாரமும் விடுபடாமல் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்; விலை அதில்தான் இருக்கிறது.

செல்லரித்தவை, நடுப்பக்கங்கள் காணாமற்போனவை ஆகியவற்றைத் தாராளமாக வெட்டலாம். அதில் எனக்கு உறுத்தல் இல்லை. வெட்டும் முன் பக்கத்தை முழுதாகப் படம் எடுத்து, துண்டின் ஓரத்தில் இதழின் பெயரையும் தேதியையும் பென்சிலால் குறித்துவிடுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது.

விற்பதற்கு முன், சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் பட்டியல் ஒன்றை அனுப்பிப் பாருங்கள். கோட்டையூர் முத்தையா நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்துவைத்த தொகுப்பிலிருந்து உருவான நூலகம் அது. பணம் கிடைக்காமல் போகலாம். ஆனால் அவர்களிடம் இல்லாத இதழ் எது என்பது தெரிந்தால், எதை வெட்டக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: பழைய விளம்பரங்களைப் படம் எடுத்து, போஸ்டராக அச்சிட்டு விற்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: இதழ் உங்களுடையது என்பதால் படம் உங்களுடையதாகிவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படைத்தவர் பெயரில்லாமல் வெளியானவற்றுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. அந்தக் கணக்கில் 1958இல் பெயரின்றி வந்த விளம்பரத்தின் உரிமை 2018 முடிவோடு தீர்ந்தது. ஓவியர் கையெழுத்து இருந்தால் அவர் மறைந்த ஆண்டை வைத்துக் கணக்கிட வேண்டும். இவையெல்லாம் தீர்ந்தாலும், இன்றும் கடையில் விற்கிற பொருளின் வணிகச் சின்னம் அந்த நிறுவனத்துக்கே உரியது. அத்தகைய படத்தை அச்சிடும் முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.