செபெதேயு என்ன ஆனார்?

அன்புள்ள அக்கா,

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மணலியில் ஒரு கம்பெனியில் வேலை. ரட்சிக்கப்பட்டு ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் தவறியதில்லை. போன வருடம் அப்பா இறந்துவிட்டார். அம்மா இன்னும் பழைய வழிபாட்டில்தான் இருக்கிறார். வருஷ திதிக்கு மகனாக நான் உட்கார வேண்டும் என்று அழுகிறார். சபையில் கேட்டால் லூக்கா 14:26-ஐக் காட்டுகிறார்கள். தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் சீஷனாக இருக்க முடியாது என்கிறது அந்த வசனம். பத்துக் கட்டளைகளில் ஐந்தாம் கட்டளையோ அவர்களைக் கனம்பண்ணச் சொல்கிறது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போக வேண்டும் என்ற பாரமும் எனக்கு இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் புண். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டு மாற்ற வேண்டும். அதைத் தங்கை பார்த்துக்கொள்கிறாள். அம்மாவின் மனது உடைந்துவிடுமே என்பதுதான் என் கவலை. நீங்கள் கத்தோலிக்கர் என்பதால் மாதா வணக்கம் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. அதைப் பிறகு கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

மாதாவைப் பிறகே கேளுங்கள், நானும் பிறகே சொல்கிறேன்.

திதி நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய சிக்கல் இல்லை. 2 இராஜாக்கள் 5-ஐ எடுத்துப் படியுங்கள். குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், இனிமேல் கர்த்தருக்குத் தவிர யாருக்கும் பலியிடமாட்டேன் என்கிறான். அதே மூச்சில் இன்னொன்றும் கேட்கிறான். என் ராஜா ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோயிலில் பணியும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வார், கூடவே நானும் குனிய வேண்டிவரும், அந்த ஒன்றைக் கர்த்தர் எனக்கு மன்னிக்கட்டும் என்று. தீர்க்கதரிசி எலிசா அவனை உட்காரவைத்து வேதபாடம் நடத்தவில்லை. சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிட்டார். பிண்டம் வைக்க உங்களுக்கு மனம் ஒப்பவில்லையென்றால் அம்மாவிடம் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லுங்கள். ஆனால் அன்றைக்கு வீட்டில் இருங்கள். வந்தவர்களுக்கு இலை போடுங்கள், சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அன்றைக்கென்று பார்த்து உபவாச ஜெபம் என்று கிளம்பிவிடாதீர்கள்.

ஐந்தாம் கட்டளை என்கிறீர்கள். எங்கள் கத்தோலிக்க ஞானோபதேசப் பாடத்தில் அது நான்காவது. எத்தனையாவதாக வைத்தாலும் பெற்றவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்பதில் உங்கள் சபைக்கும் எங்கள் சபைக்கும் வித்தியாசம் கிடையாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு இடம். ‘அதைத் தங்கை பார்த்துக்கொள்கிறாள்.’ மூன்றே வார்த்தை. அப்பாவுக்குச் சில வரி, சபைக்குச் சில வரி, உங்கள் பாரத்துக்குச் சில வரி. அந்தப் பெண்ணுக்கு வயது என்ன, படிக்கிறாளா, வேலைக்குப் போகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. அம்மாவின் மனது உடையுமே என்று பயப்படுகிறீர்கள், சரி. தங்கையின் முதுகு உடைவது கணக்கிலேயே வரவில்லை.

கொஞ்ச நாளாக நான் இயேசுவின் சீஷர்கள் யாக்கோபு, யோவானின் தகப்பன் செபெதேயுவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான். யாக்கோபும் யோவானும் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இயேசு கூப்பிடுகிறார். படகையும் தகப்பனையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். மத்தேயு இத்தோடு முடித்துக்கொள்கிறார். மாற்கு மட்டும் (1:20) தகப்பனைக் கூலியாட்களோடு படகிலே விட்டுப் போனதாக எழுதுகிறார். வியாக்கியானக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, செபெதேயு வசதியான ஆள்போல என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டுக்காரியான என்னால் அப்படிக் கடக்க முடியாது.

காசிமேட்டில் வலை பழுதுபார்ப்பவரை நின்று பார்த்திருக்கிறீர்களா? கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நைலான் நூல் சுற்றிய ஊசியால் கண்ணுக்குக் கண் முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார். மணிக்கணக்கில் தலை நிமிராது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும்போது இந்த வேலைதான் நடக்கும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் அவர்களும் கூட உட்காருவார்கள். பிள்ளைகள் இல்லையென்றால் ஆள் வைக்க வேண்டும். ஆள் வைத்தால் வீட்டுக்கு வர வேண்டிய பங்கு வெளியே போகும். டீசலும் ஐஸும் எப்போதும்போலக் காசு கேட்கும். அந்தக் காலத்துக் கலிலேயாவில் டீசலும் ஐஸும் நைலானும் இல்லை என்பதைத் தவிர, ஆள் கணக்கு இதேதான். வலையை இழுக்க இன்னும் ஆள் இருந்தது என்று எழுதிவைத்தால்தான் பிள்ளைகள் போனதை நம்மால் படிக்க முடியும் என்று மாற்குவுக்குத் தெரிந்திருக்கிறது. என் வாசிப்பு இது. குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் சித்தப்பா குருவானார். இராயபுரத்தில் படகுக்காரர்கள் தங்கள் காசில் எழுப்பிய ராயப்பர் கோயில்தான் எங்கள் பங்குக் கோயில். ராயப்பர் என்றால் உங்கள் பேதுருதான். சித்தப்பா குருமடத்தில் இருந்தபோது தாத்தா படுத்துவிட்டார். அத்தை விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றுவிட்டு வந்து, தாத்தாவுக்குப் பீமூத்திரம் எடுத்தாள். குருவானபின் வைக்கிற முதல் பூசையான புதுப்பூசை அன்று ஊரே வரிசையில் நின்று சித்தப்பாவின் எண்ணெய் பூசிய உள்ளங்கையை முத்தி செய்தது, அதாவது முத்தமிட்டது. அத்தை பின்கட்டில் அரிவாள்மனையில் வஞ்சிரம் அரிந்துகொண்டிருந்தாள். கடைசியில் யாரோ கூப்பிட்டு வந்தாள். புளி போட்டுக் கழுவிய கையைப் புடவையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே நின்றாள். குனிந்து முத்தி செய்தாள். உடனே சோறு வடிக்கப் போய்விட்டாள். சித்தப்பாவுக்கு வந்ததை தேவ அழைத்தல் என்று வீட்டில் சொன்னோம். அத்தை கல்யாணம் செய்துகொள்ளாததற்கு, ‘அப்பாவை விட்டு வர அவளுக்கு மனசில்லை’ என்றார்கள். அவளிடம் கேட்டுவிட்டுச் சொன்னவர் யாருமில்லை. சித்தப்பா நல்ல குரு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குருத்துவத்தில் பாதி அத்தை கட்டிய காசு.

செபெதேயுவுக்கு வருகிறேன். அதற்கப்புறம் அவருடைய பெயர் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் மட்டும்தான் வருகிறது. அவர் மனைவி வருகிறாள், என் பிள்ளைகளுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கொடும் என்று கேட்கிறாள். மத்தேயு 27-இல் சிலுவைக்குத் தூரத்தில் நின்று பார்த்த பெண்களிலும் அவள் உண்டு. கிழவர் எங்கே? யாரும் சொல்லவில்லை. இப்போது யோவான் 19-ஐப் பாருங்கள். சாகப்போகும் இயேசு தன் தாயை அன்பான சீஷனிடம் ஒப்படைக்கிறார். அதோ, உன் தாய். அந்நேரமுதல் அவன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான். அந்தச் சீஷன் யோவான் என்பது பழைய மரபு. மரபை நம்பினால், தகப்பனைப் படகில் விட்டுவிட்டு வந்த அதே பையன் கையில்தான் இன்னொருவரின் தாய் வந்து சேருகிறாள். ஊழியத்துக்கு வந்தால் வீட்டுப் பொறுப்பு போய்விடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தால், அன்றைக்குப் புரிந்திருக்கும்.

பேதுருவும் அப்படித்தான். வலையை விட்டது மாற்கு முதல் அதிகாரத்தில். அதே அதிகாரத்தில், இருபது வசனத்துக்குள், மாமியார் ஜுரமாய்க் கிடந்த தன் வீட்டில் நிற்கிறார். யாக்கோபும் யோவானும் கூட நிற்கிறார்கள். எல்லாவற்றையும் விட்டோமே என்று பின்னால் பேசுகிற பேதுருவுக்கு மாமியார் படுத்திருந்த தன் வீட்டு வழி மறக்கவில்லை.

உங்கள் சபையில் லூக்கா 14:26-ஐ வாசிப்பவர்கள் 28-ஆம் வசனத்துக்குப் போவதில்லையா? கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்கிறார். யாருடைய செலவு, தம்பி? 26-ஆம் வசனத்திலேயே தாய், தகப்பன், மனைவி, பிள்ளைகள் என்று போய்க் கடைசியில் ‘தன் ஜீவனையும்’ என்று வருகிறது. எல்லாரும் பட்டியலை மேலிருந்து ஆரம்பிக்கிறார்கள், தாய் தகப்பனைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறார்கள். கீழிருந்து ஆரம்பித்துப் பாருங்களேன்.

அப்புறம் தசமபாகம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும். மாற்கு 7-ஐ உங்கள் சபையில் எப்போது பிரசங்கித்தார்கள்? தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் போதும், அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று ஒரு பாரம்பரியம். இயேசு அதை எடுத்துச் சொல்லி, இப்படித்தான் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகத் திட்டுகிறார். திட்டு வாங்கியவர்கள் பக்தி குறைந்தவர்கள் இல்லை, ஊரிலேயே பெரிய பக்திமான்கள். ஆறு வருடம் தசமபாகம் தவறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் கட்டுத்துணிக்கும் மாத்திரைக்கும் ஆட்டோவுக்கும் யார் பணம் கொடுக்கிறார்கள் என்று எழுதவில்லை. தங்கைதான் என்றால், உங்கள் காணிக்கை கொர்பான்தான். வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது ஊழியக்காரருக்கும் சேர்த்துத்தான்.

ஊழியத்துக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போவதற்கு முன்னால் படகில் யார் இருக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். பாஸ்டரைக் கேட்காதீர்கள், என்னையும் கேட்காதீர்கள். தங்கையிடம் கேளுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை. அடுத்த முறை கட்டு மாற்ற லீவு போட்டுவிட்டு நீங்கள் அம்மாவைக் கூட்டிப்போங்கள். ஓபி சீட்டு வாங்க சீக்கிரமே போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். எந்தக் கவுன்டர் என்று தங்கைக்குத் தெரியும்.