இல்லினாயும் அதன் செனட்டர்களும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

1858இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்கான செனட் (நாடாளுமன்ற மேலவை) இடத்துக்குப் போட்டியிட்ட ஆபிரகாம் லிங்கன், ஸ்டீஃபன் டக்ளஸ் இருவரின் விவாதங்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஏழு ஊர்களில் இருவரும் மும்மூன்று மணி நேரம் பேசினார்கள், ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து கேட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் கடைசியில் டக்ளஸைத் தேர்ந்தெடுத்தது சட்டமன்றம்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மக்களுக்கு ஓட்டே இல்லாத தேர்தலுக்கு மக்களிடம் போய் ஏன் பேச வேண்டும்?

என் மகன் ஏழு வருடமாக சிகாகோ பக்கத்தில் நேப்பர்வில்லில் இருக்கிறான். அவனிடம் கேட்டேன். "பழைய முறைதான்பா சரி. சட்டமன்றமே தேர்ந்தெடுத்தால் ஒரு செனட் இடத்துக்கு இத்தனை கோடி டாலர் கொட்ட வேண்டியதில்லை" என்கிறான். நம் மாநிலங்களவையும் அப்படித்தானே நடக்கிறது என்று எனக்கும் தோன்றியது. உங்கள் எண்ணம் என்ன?

ம., கோவை

அன்புள்ள ம.,

ஒரே வரியில் கடந்தது என் தவறுதான். இப்போது விரிவாகவே எழுதுகிறேன்.

1858 நவம்பரில் இல்லினாய் வாக்காளர் கையிலிருந்த சீட்டில் லிங்கன் பெயரும் இல்லை, டக்ளஸ் பெயரும் இல்லை. மாநில சட்டமன்றத்துக்கு நின்ற உள்ளூர் வேட்பாளரின் பெயர்தான் இருந்தது. அவர் ஜெயித்தால் செனட்டுக்கு யாரை ஆதரிப்பார் என்பது ஊருக்கே தெரியும். ஜூன் மாதமே ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிய குடியரசுக் கட்சி மாநாடு, செனட்டுக்கு எங்கள் ஒரே தேர்வு லிங்கன்தான் என்று தீர்மானம் போட்டிருந்தது. அன்றைக்கு அது புது வழக்கம். அதனால் இருவரும் மக்களிடம் போக வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 21 அன்று ஆட்டவாவில் தொடங்கி அக்டோபர் 15 அன்று ஆல்டனில் முடித்தார்கள். ஒருவர் ஒரு மணி நேரம், மற்றவர் ஒன்றரை மணி நேரம், மறுபடி முதலாமவர் அரை மணி நேரம். மக்களுக்கு நேரடி ஓட்டு இல்லாதபோதும் இந்த இரண்டு பேரும் அவர்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று நினைத்தார்களே, அதுதான் எனக்கு அந்த வருடத்தில் மிகப் பிடித்த விஷயம்.

முடிவு என்ன ஆயிற்று? மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக நடந்த பொருளாளர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்காரர் ஜெயித்தார். சட்டமன்றத்திலோ டக்ளஸின் கட்சியான டெமாக்ரட்டுகள் கை ஓங்கியது. தொகுதி எல்லைகள் பழைய கணக்கெடுப்பை வைத்து வரையப்பட்டவை. அதன்பின் மக்கள் பெருகியது குடியரசுக் கட்சியின் பக்கம் நின்ற வடக்குப் பகுதியில். போதாததற்கு மாநில மேலவையில் பாதிப் பேர் அந்த வருடம் தேர்தலைச் சந்திக்கவே இல்லை. 1859 ஜனவரியில் சட்டமன்றம் கூடி ஓட்டுப்போட்டபோது டக்ளஸுக்கு 54, லிங்கனுக்கு 46. ஆக, லிங்கனை மக்கள் தோற்கடித்தார்கள் என்று சொல்வது சரியல்ல.

அவர் தோற்ற முதல் செனட் தேர்தலும் இது இல்லை. 1855 பிப்ரவரியில் நடந்தது எனக்கு இதைவிட முக்கியம். அந்தப் போட்டிக்காக, தான் வென்றிருந்த சட்டமன்ற இடத்தையே அவர் விட்டுக்கொடுத்திருந்தார். முதல் சுற்றில் அவருக்கு 44 ஓட்டு. பதவியிலிருந்த ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்கு 41. லைமன் ட்ரம்புல் என்பவருக்கு வெறும் 5. அந்த ஐந்து பேரும் அடிமைமுறை பரவுவதை எதிர்த்த டெமாக்ரட்டுகள். அப்போது விக் என்ற பழைய கட்சியில் இருந்த லிங்கனுக்கு ஓட்டுப்போட மாட்டோம் என்று கடைசிவரை அசையவில்லை. சுற்று ஏற ஏற, அடிமைமுறை பரவுவதை எதிர்க்காத டெமாக்ரட்டுகளின் ஆதரவோடு ஆளுநர் மேட்டெசன் மேலே வந்தார். இன்னும் சில ஓட்டு கிடைத்தால் அவர் ஜெயித்துவிடுவார் என்ற நிலை வந்ததும் லிங்கன் தன் ஆட்களைக் கூப்பிட்டு, எல்லோரும் ட்ரம்புல்லுக்குப் போடுங்கள் என்றார். பத்தாவது சுற்றில் ட்ரம்புல் 51 ஓட்டில் வென்றார். 44 வைத்திருந்தவர் 5 வைத்திருந்தவருக்கு இடத்தைக் கொடுத்தார். அடிமைமுறையை ஒழித்த, அமெரிக்க அரசியல் சாசனத்தின் 13ஆவது திருத்தத்தை எழுதியவர்களில் ஒருவர் அதே ட்ரம்புல். பழைய முறையில் நல்லதே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, மாநிலங்களவை ஒப்பீட்டுக்கு வருகிறேன். ஆறு வருடப் பதவிக்காலம், எம்.எல்.ஏ.க்கள் ஓட்டு என்பதெல்லாம் ஒத்துப்போகிறது. ஆனால் நமக்கு, வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறித்து ஓட்டுப்போடும் ஒற்றை மாற்று வாக்கு முறை இருக்கிறது, ஒரே நாளில் முடிந்துவிடும். அமெரிக்காவில் 1866 சட்டப்படி, இரண்டு அவைகளும் தனித்தனியே ஒரே ஆளைத் தேர்ந்தெடுக்காவிட்டால், மறுநாள் முதல் இரண்டும் சேர்ந்து உட்கார்ந்து, யாருக்காவது பெரும்பான்மை கிடைக்கும்வரை தினமும் ஓட்டுப்போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுக்கும். அப்படி இழுக்க இழுக்கத்தான் பேரம் நுழைந்தது.

1909இல் இல்லினாயில் நடந்தது அதன் உச்சம். அதற்கு முந்தைய வருடம் குடியரசுக் கட்சி வாக்காளர்களிடம் ஆலோசனைத் தேர்தல் ஒன்று நடத்தி, அதில் பழைய செனட்டர் ஹாப்கின்ஸ் முதலிடம் பெற்றிருந்தார். சட்டமன்றம் அதை மதிக்கவில்லை. ஜனவரியில் ஆரம்பித்த ஓட்டெடுப்பு மே 26 அன்று 95ஆவது சுற்றில்தான் முடிந்தது. வென்றவர் சிகாகோவின் செல்வாக்கான அரசியல்வாதி வில்லியம் லாரிமர். வாங்கியது 108 ஓட்டு, அதில் 53 எதிர்க்கட்சியான டெமாக்ரட்டுகளுடையது. ஒரு வருடம் கழித்து சார்லஸ் வைட் என்ற சட்டமன்ற உறுப்பினர் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையில் எல்லாவற்றையும் கொட்டினார். லாரிமருக்கு ஓட்டுப்போட ஆயிரம் டாலர் வாங்கினேன், அதுபோக கூட்டத்தொடர் முழுக்கச் சேர்ந்த லஞ்சப் பணத்திலும் பங்கு வாங்கினேன் என்றார். அந்தப் பொதுப் பணமூட்டைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'ஜாக்பாட்'. செனட் முதலில் 1911இல் 46க்கு 40 என்று லாரிமரைக் காப்பாற்றியது. மறுபடி விசாரித்து 1912 ஜூலையில் 55க்கு 28 என்று அவர் தேர்வே செல்லாது என்றது.

உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். பழைய முறையிலும் பணம் இருந்தது. ஓட்டுப்போடுகிறவர்கள் இருநூறு சொச்சம் பேர் என்பதால் கொஞ்சப் பணமே போதுமானதாக இருந்தது.

மக்களே செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் 17ஆவது திருத்தத்துக்கு 1913 ஏப்ரலில் போதுமான மாநிலங்களின் ஒப்புதல் கிடைத்தது. அதற்குச் சில நாள் முன்னால், மார்ச்சில், இல்லினாய் சட்டமன்றம் கடைசி முறையாக இரண்டு செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது. ஆளுக்கொரு இடம் என்று கட்சிகள் பேசிப் பங்குபோட்டன. அந்த இருவரில் ஒருவரான லாரன்ஸ் ஷெர்மன் 1914இல் மக்களிடம் போய் வென்றார், அதுதான் முதல் நேரடித் தேர்தல். அப்போதும் பெண்களுக்கு அந்த ஓட்டு இல்லை. அவர்கள் 1913இல் பெற்ற உரிமை அதிபர் தேர்தலுக்கும் உள்ளாட்சிக்கும் மட்டும்தான்.

மகன் சொல்வதில் உண்மை இல்லாமலும் இல்லை. 1926இல் ஃபிராங்க் ஸ்மித் மக்கள் ஓட்டில் ஜெயித்தார். மின்சாரக் கம்பெனிகளின் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் மாநில ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். அந்தக் கம்பெனிகளை நடத்திய சாமுவேல் இன்சலிடமிருந்தே 1,25,000 டாலருக்கு மேல் அவர் தேர்தல் செலவுக்கு வந்தது. செனட் அவரை உள்ளே உட்காரவிடவில்லை. பணம் அன்றைக்கே மக்கள் தேர்தலைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் 1992ஐயும் பார்க்க வேண்டும். பாலியல் தொந்தரவுப் புகார் எழுந்த கிளாரன்ஸ் தாமஸை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்க ஆதரித்து ஓட்டுப்போட்ட, பதவியிலிருந்த செனட்டர் ஆலன் டிக்சன் மீது பெண்களுக்குக் கடுங்கோபம். கட்சிக்குள் நடந்த முதல்கட்டத் தேர்தலில் அவரையும், கோடிக்கணக்கில் செலவழித்த ஒரு வக்கீலையும் கேரல் மோஸ்லி பிரான் தோற்கடித்தார். அவர் அப்போது குக் கவுண்டியில் பத்திரப்பதிவு அலுவலகத்தின் தலைவர். நவம்பரில் ஜெயித்து, செனட்டில் நுழைந்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். பழைய சட்டமன்றக் கூடத்தில் அப்படி ஒருவர் எத்தனை சுற்று தாக்குப்பிடித்திருப்பார்? ஒரு சுற்றுகூட இல்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். செனட் இடம் நடுவில் காலியானால் தற்காலிகமாக ஆளை நியமிக்கும் அதிகாரத்தை மாநிலம் ஆளுநருக்குக் கொடுக்கலாம் என்று அதே 17ஆவது திருத்தம் ஒரு வழி வைத்திருக்கிறது. 2004இல் ஒபாமா 70 சதவீத ஓட்டுடன் வென்ற இடம், அவர் அதிபராகத் தேர்வானதால் 2008 நவம்பரில் காலியானது. இப்போது முடிவு ஒரே ஆள் கையில். ஆளுநர் ராட் பிளாகோயெவிச் அந்த இடத்தைத் தங்கம் என்று தொலைபேசியில் பேசியது விசாரணை அதிகாரிகளின் ஒலிப்பதிவில் சிக்கியது. டிசம்பர் 9 காலையில் கைது. கைதான பிறகும் ரோலண்ட் பெரிஸ் என்பவரை நியமித்தார். மாநிலச் செயலாளர் ஜெஸ்ஸி வைட் அந்த நியமனச் சான்றில் கையெழுத்துப் போட மறுத்தார். ஜனவரியில் மாநில மேலவை 59க்கு 0 என்று ஆளுநரைப் பதவிநீக்கியது. பின்னர் 14 வருடத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் ரத்தாயின. 2020இல் தண்டனையை அதிபர் டிரம்ப் குறைத்தார், 2025இல் மன்னிப்பும் வழங்கினார்.

ஒரே மாநிலம்தான். இருநூறு பேர் தேர்ந்தெடுத்தபோதும் அந்த இடம் விலைக்குப் போனது, ஒரே ஆள் தேர்ந்தெடுக்க இருந்தபோதும் பேரத்துக்கு வந்தது. அதனால்தான் நான் நேரடித் தேர்தலின் பக்கம் நிற்கிறேன். செலவுக்குக் கடிவாளம் போடச் சட்டம் கொண்டுவரட்டும், ஓட்டைத் திருப்பி எடுக்க வேண்டாம்.

2010 நவம்பரில் இல்லினாய்க்காரர்கள் அந்த ஒரு இடத்துக்கு ஒரே நாளில் இரண்டு ஓட்டுப் போட்டார்கள். ஒபாமாவின் பதவிக்காலத்தில் மிச்சமிருந்த சில வாரங்களுக்கு ஒன்று, அடுத்த ஆறு வருடத்துக்கு ஒன்று. மிச்சமிருந்த அந்தச் சில வாரங்களுக்கும் மக்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. இரண்டிலும் மார்க் கிர்க் வென்றார்.

அப்புறம், மகனைப் பார்க்க அமெரிக்கா போனால் ஆட்டவாவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நேப்பர்வில்லிலிருந்து தொலைவில்லை. முதல் விவாதம் நடந்த வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் லிங்கனும் டக்ளஸும் வெண்கலச் சிலைகளாக நிற்கிறார்கள்.