ஜேர்மனியிலும் லண்டனிலும் வேலை செய்த கணவன் மனைவிக்கு அரச பென்சன் எப்படி வரும்?

உங்கள் கேள்வி இதுதான்: தொண்ணூறுகளில் இருவரும் ஜேர்மனியில் இருந்தீர்கள், பிறகு பிள்ளைகளோடு லண்டனுக்கு வந்துவிட்டீர்கள், இப்போது அறுபதை நெருங்குகிறீர்கள். இரண்டு நாட்டிலும் பென்சன் வருமா, ஜேர்மன் வருடங்களை இங்கே மாற்றலாமா, அதிக காலம் வீட்டில் இருந்த மனைவிக்கு உங்கள் பென்சனில் பங்கு உண்டா?

நாங்களும் இதே வழியில் வந்தவர்கள்தான். ஊர்ச்சங்கத்தில் மூத்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதால் பல வீட்டுக் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

ஜேர்மன் வருடங்களை லண்டனுக்கு மாற்ற முடியாது. மாற்றத் தேவையும் இல்லை. ஒவ்வொரு நாடும் தன்னிடம் கட்டிய காலத்துக்கு உரிய பங்கைத் தானே தரும். மற்ற நாட்டு வருடங்கள் உதவுவது தகுதி பெறுவதற்கு. பிரிட்டனின் புதிய அரச பென்சனுக்கு ஆகக் குறைந்தது 10 வருட நேஷனல் இன்சூரன்ஸ் (அரச காப்புறுதிக் கட்டணம்) பதிவு வேண்டும், ஜேர்மனியில் 5 வருடம், அதாவது 60 மாதம். ஒருவர் லண்டனில் 8 வருடமும் ஜேர்மனியில் 12 வருடமும் கட்டியிருந்தால், இரண்டையும் கூட்டிப் பார்த்து 10 வருடம் தாண்டிவிட்டது என்று பிரிட்டன் ஏற்றுக்கொள்ளும். ஆனால் காசு கணக்கிடுவது அந்த 8 வருடத்துக்கு மட்டும்தான். பிரெக்சிட்டுக்குப் பிறகும் இது மாறவில்லை, பயப்பட வேண்டாம். இலங்கையில் வேலை செய்த வருடங்கள் மட்டும் இந்தக் கூட்டலில் சேராது. அதற்கு இந்த இரண்டு நாடுகளோடும் ஒப்பந்தம் இல்லை.

பிரிட்டனில் முழுப் பென்சனுக்கு பொதுவாக 35 வருடம். 2025-26இல் முழுத்தொகை வாரம் 230.25 பவுண்ஸ். ஆக, ஒரு வருடப் பதிவு என்பது வாரத்துக்கு ஏறக்குறைய 6.58 பவுண்ஸ். 2016க்கு முன்பே வேலை செய்தவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறுபடும் என்பதால் அரச இணையத்தளத்தில் உங்கள் இருவரின் ஃபோர்காஸ்டையும், அதாவது எவ்வளவு பென்சன் வரும் என்ற கணிப்பையும், தனித்தனியாகப் பாருங்கள்.

தனித்தனியாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சங்கத்துக்கு வருகிற அண்ணைமார் தங்கள் கடிதங்களை மட்டும் கோப்பில் அடுக்கிக் கொண்டு வருவார்கள். அக்காவின் கடிதம் எங்கே என்று கேட்டால், "அவ வேலை செய்யேல்லைத்தானே, என்ரதிலை அவவுக்கும் வரும்தானே" என்பார்கள். முன்பு அப்படி ஒரு வழி இருந்தது உண்மை: கணவனின் பதிவைக் காட்டி மனைவி அடிப்படைப் பென்சனில் 60 வீதம் வரை எடுக்கலாம். 2016 ஏப்ரல் 6க்குப் பிறகு பென்சன் வயதை எட்டுகிறவர்களுக்கு அது இல்லை. இப்போது மனைவிக்கு வருவது மனைவியின் பதிவில் இருந்துதான்.

அதற்காக வீட்டில் இருந்த வருடங்கள் வீண் என்று அர்த்தமில்லை. இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். ஜேர்மனியில் 1992இலிருந்து பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய்க்கு 3 வருடம் பென்சன் காலமாகக் கணக்கில் வரும். அந்தக் காலத்துக்கான பணத்தை அரசே கட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இது தானாகப் பதிவில் ஏறாது, விண்ணப்பிக்க வேண்டும்.

என் மனைவியின் பதிவையே சொல்கிறேன். ஜேர்மன் அரச பென்சன் அலுவலகமான டொய்ச்ச ரென்டன்பெர்சிஹெருங் அனுப்பிய காப்புறுதி வரலாற்றுத் தாளில், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எத்தனை மாதம், எவ்வளவு சம்பளம் என்று வரிவரியாக இருக்கும். அவவுடைய தாளில் துப்புரவு வேலை செய்த சில மாதங்கள் மட்டும் இருந்தன, அதற்குப் பிறகு வெறுமை. வி 0800 என்ற படிவத்தை நிரப்பி, 1995இலும் 1998இலும் பிறந்த எங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு அனுப்பினோம். திரும்பி வந்த தாளில் பிள்ளை வளர்ப்புக் காலம் என்று இரண்டு வரிகள் புதிதாக ஏறியிருந்தன: 36 மாதமும் 36 மாதமும், மொத்தம் 72. 60 மாதம் அதிலேயே தாண்டிவிட்டது. ஜேர்மனியில் பென்சனைப் புள்ளிகளாகக் கணக்கிடுவார்கள், பிள்ளை வளர்ப்புக் காலத்தில் ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி. 2025 ஜூலையில் ஒரு புள்ளியின் மதிப்பு மாதம் 40.79 யூரோ. ஆறு புள்ளிக்கு மாதம் 244 யூரோ அளவில் வரும், அதுவும் ஆயுள் முழுக்க. பிள்ளை பிறந்த காலத்தில் விசா எந்த நிலையில் இருந்தது என்பதையும் பார்ப்பார்கள், ஆகவே பழைய பாஸ்போர்ட், வதிவிடப் பத்திரம் எதையும் எறிந்துவிடாதீர்கள்.

பிரிட்டனிலும் இதேபோல ஒன்று உண்டு. பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை சைல்ட் பெனிபிட் (பிள்ளைக்காக அரசு தரும் உதவிப் பணம்) எடுக்கிறவருக்கு நேஷனல் இன்சூரன்ஸ் வருடம் சேரும். 2010க்கு முன் 16 வயதுவரை வேறு பெயரில் ஒரு பாதுகாப்பு இருந்தது, அதுவும் கணக்கில் வரும். அந்தப் பணம் யாருடைய பெயரில் எடுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். கணவர் முழுநேரம் வேலை செய்துகொண்டு தன் பெயரிலேயே எடுத்திருந்தால் அந்த வருடங்கள் கணவருக்கும் பயன் தராமல், மனைவிக்கும் சேராமல் போயிருக்கும். கடையில் கைக்காசுக்கு நின்ற வருடங்கள் எந்தப் பதிவிலும் இருக்காது, அது எனக்கு இன்றும் வயிற்றெரிச்சலான விஷயம். இடைவெளி இருந்தால் பொதுவாகக் கடந்த 6 வருடத்துக்கு நீங்களே கட்டலாம். 2025-26 விலையில் ஒரு வருடத்துக்கு 923 பவுண்ஸ். அது உண்மையில் பென்சனைக் கூட்டுகிற வருடமாக இருந்தால், மூன்று வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். கட்டும் முன் பென்சன் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

கணவர் முதலில் போய்விட்டால்? பேசவே மனம் வராது, ஆனால் பேசத்தான் வேண்டும். பிரிட்டனின் புதிய பென்சனில் மனைவிக்குக் கிடைப்பது மிகக் குறைவு, பலருக்கு ஒன்றுமே இல்லை. ஜேர்மனியில் விதவைப் பென்சன் உண்டு. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய மனைவிக்கு பொதுவாகக் கணவரின் ஜேர்மன் பென்சனில் 55 வீதம், அவவுடைய சொந்த வருமானம் ஒரு எல்லையைத் தாண்டினால் தாண்டியதில் 40 வீதத்தைக் கழிப்பார்கள். இதற்குத் திருமணம் சட்டப்படி செல்லுபடியானதாக இருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி, எழுத்து எழுதாமல் வாழ்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் வராமல் போகலாம். முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தோம் என்று சொல்லிப் பலனில்லை.

அப்புறம் பிறந்த திகதி. ஜேர்மன் காப்புறுதி இலக்கத்துக்குள்ளேயே அது இருக்கிறது. முதன்முதலில் கொடுத்த திகதியைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அகதியாக வந்தபோது ஒரு திகதியும் பிறகு இன்னொரு திகதியும் கொடுத்தவர்கள் இதை இப்போதே எழுதிக் கேட்பது நல்லது.

விண்ணப்பத்தை நீங்கள் வாழும் நாட்டிலேயே போடலாம். லண்டனில் போடும்போது ஜேர்மன் வேலையையும் இலக்கத்தையும் குறிப்பிட்டால் மற்ற நாட்டோடு அவர்களே தொடர்புகொள்வார்கள். வயது மட்டும் இரண்டு நாட்டிலும் ஒரே நாளில் வராமல் போகலாம். 1964இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு ஜேர்மனியில் 67. பிரிட்டனில் 66இலிருந்து 67க்கு 2026-28இல் ஏறுகிறது.

ஊருக்குப் போய்க் குடியேறும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. இலங்கையில் வாழ்கிறவருக்கு பிரிட்டன் பென்சன் வரும், ஆனால் தொகை வருடாவருடம் கூடிக்கொண்டு போகாது. போன நாளில் இருந்த தொகையே கடைசிவரை. இந்தியாவுக்கும் அப்படித்தான். அதே ஆள் திரும்ப ஜேர்மனிக்குப் போனால் தொகை வருடாவருடம் கூடும். ஜேர்மன் பென்சன் இலங்கைக்கும் வரும், இரு நாட்டுத் தொகையையும் தனித்தனியாக எழுதிப் பார்த்துவிட்டு வீட்டை விற்பதைப் பற்றி யோசியுங்கள்.