அக்காவிடம் எப்போது சொல்லப் போகிறீர்கள்?

கேள்வி: நான் ஒரு மனநல ஆலோசகர். வயது 43. குடும்ப வன்முறை, பாலியல் கொடுமை, கோர விபத்து என்று பெரிய அதிர்ச்சிகளிலிருந்து மீண்டு வருபவர்களோடுதான் என் வேலை. கொஞ்ச காலமாக எனக்கு இரவில் தூக்கம் இல்லை. அவர்கள் சொன்ன காட்சிகள் என் கண்முன் வந்து நிற்கின்றன. இந்த நேரத்தில் எங்களைப் போன்ற தெரபிஸ்ட்களுக்கென்றே பத்து நாள் குழுப் பயணம் ஒன்றை அறிவித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நடந்த இடங்களைப் பார்ப்பது, சமூக நீதியைப் பற்றிக் கற்றுக்கொள்வது, கூடவே தியானம், ஓய்வு, குழுவாக மனம்விட்டுப் பேசுவது. கணவர் தாராளமாகப் போய் வரச் சொல்கிறார். கூட வேலை செய்யும் ஒருவர், "அடுத்தவர் துயரம் நடந்த இடத்தில் போய் ஓய்வெடுப்பதா?" என்று கேட்டுவிட்டார். கிளையன்ட்கள் எல்லோரிடமும் ஆறு வாரம் முன்பே சொல்லி, ஒவ்வொருவருக்கும் மாற்று ஆலோசகர் ஏற்பாடு செய்துவிட்டேன். அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். அக்காவுக்குத் திருமணம் ஆகவில்லை. ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு நான்கு வருடமாகக் கூடவே இருந்து பார்த்துக்கொள்வதால் அந்தப் பக்கம் கவலையில்லை. (அக்காவிடம் டிக்கெட் எடுத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.) ஞாயிறுதோறும் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எல்லாம் சரியாக இருந்தும் மனதில் ஏதோ குற்றவுணர்வு. மாத இறுதிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். நான் சுயநலமாக யோசிக்கிறேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போய் வாருங்கள், ஓய்வு உங்கள் உரிமை என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதை உங்கள் கிளையன்ட்களிடம் நீங்களே தினமும் சொல்கிறவர். அதைக் கேட்பதற்காக எனக்கு எழுத வேண்டியதில்லை. இதே மாதிரிக் கடிதங்கள் நர்ஸ்களிடமிருந்தும் ஆசிரியைகளிடமிருந்தும் சமூகப் பணியாளர்களிடமிருந்தும் வருடக்கணக்காக வந்துகொண்டிருக்கின்றன. பாதிக் கடிதங்களில் சிக்கல் கேள்வியில் இருக்காது, போகிற போக்கில் எழுதிய ஏதாவது ஒரு வரியில் இருக்கும். உங்கள் கடிதத்தில் அது அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

கிளையன்ட்களுக்கு ஆறு வாரம் முன்பே. அக்காவுக்கு டிக்கெட் எடுத்த பிறகு.

கிளையன்ட்கள் விஷயத்தில் நீங்கள் செய்தது சரி. சிகிச்சையில் இருப்பவரைத் திடீரென்று விட்டுவிட்டுப் போகக்கூடாது, இல்லாத நாட்களில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது உங்கள் தொழிலின் நெறி. அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறீர்கள். அந்த ஒழுங்கு அம்மா வீட்டுக்கு மட்டும் ஏன் வரவில்லை? நீங்கள் பத்து நாள் இல்லாவிட்டால் அங்கே நிற்கப் போகிற வேலை எதுவும் இல்லை, அதனால்தான். அம்மாவுக்கு ஊட்டுவது, துடைத்துவிடுவது, துணி மாற்றுவது, மருந்து கொடுப்பது எதுவும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போகாது. ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறவர் ஒன்றிரண்டு ஞாயிறு வரமாட்டார், அவ்வளவுதான். நான்கு வருடத்தில் அந்த வீட்டில் உங்கள் பங்கு அந்த அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அதைத்தான் நீங்கள் "கவலையில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

பக்கவாதத்தில் படுத்தவரைப் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் தெரியாது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். இரவிலும்தான். விழுங்கும் சக்தி குறைந்திருந்தால் நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் கொண்டு விட்டுவிடும். விறைத்துப்போன கை கால்களைத் தினமும் அசைத்துக் கொடுக்க வேண்டும். மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் காரணமில்லாமல் அழுவார்கள், பக்கத்தில் இருப்பவர் மேலேயே எரிந்து விழுவார்கள். எரிந்து விழுவதற்கு அங்கே வேறு யாரும் இல்லை, உங்கள் அக்கா மட்டும்தான். உங்களுக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா கடைசியாக ஓர் இரவு முழுக்கத் தூங்கியது எப்போது என்று உங்களால் சொல்ல முடியுமா?

இதை அளக்கும் கருவிகூட உங்கள் துறையில் இருக்கிறது. நோயாளியைப் பராமரிக்கும் குடும்பத்தாரின் சுமையை அறிய 1980இல் ஸ்டீவன் சாரிட் உருவாக்கிய கேள்வித்தாள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்று பரவலாகப் பயன்படும் வடிவத்தில் 22 கேள்விகள். உங்களுக்கென்று நேரம் இல்லாமல் போய்விட்டதா, உடல்நலம் கெட்டுவிட்டதா, வெளி உறவுகள் அறுந்துவிட்டனவா என்று வரிசையாகக் கேட்கும். எத்தனையோ குடும்பங்களிடம் நீங்கள் அவற்றைக் கேட்டிருப்பீர்கள். உடன்பிறந்தவளிடம் ஒன்றையாவது கேட்டதுண்டா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்களின் சர்வதேச வகைப்பாட்டைப் புதுப்பித்தபோது, தீராத வேலை அழுத்தத்தால் வரும் சோர்வை, நீங்கள் எல்லோரும் 'பர்ன்அவுட்' என்கிறீர்களே அதை, தொழில் சார்ந்த ஒரு நிலை என்று வரையறுத்தது. வாழ்க்கையின் மற்ற பகுதிகளுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சேர்த்தே எழுதி வைத்தது. அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டு துயரத்தைக் கேட்டுக் களைத்துப்போனால் அதற்குப் பெயர் உண்டு, கருத்தரங்கு உண்டு, பத்து நாள் பயணமும் உண்டு. சம்பளமில்லாமல் சொந்த அம்மாவைத் தூக்கிப் புரட்டி முதுகு ஒடிந்துபோனால் அந்தப் பெயரை அதற்கு வைக்கக் கூடாது. சமூக நீதி படிக்கப் போகிறவர் முதலில் யோசிக்க வேண்டிய இடம் இது என்று நான் நினைக்கிறேன்.

உங்களோடு வேலை செய்பவர் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் 2018இல் திறக்கப்பட்ட அமைதிக்கும் நீதிக்குமான நினைவகத்துக்கு உங்களைக் கூட்டிப்போவார்கள். கும்பல் கொலைகளில் இறந்த 4,400க்கும் அதிகமான கறுப்பின மக்களுக்காக, 800க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் அங்கே இருக்கின்றன. கொலை நடந்த மாவட்டங்களின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதலில் கண்ணுக்கு நேராக நிற்பவை, தரை சரியச் சரியத் தலைக்கு மேலே தொங்கத் தொடங்கும். அது மனிதர்களை உலுக்குவதற்காகவே கட்டிய இடம். அங்கே போவது தவறில்லை, போக வேண்டியதுதான். ஆனால் அதை ஓய்வு என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். கிளையன்ட்கள் சொன்ன காட்சிகளே கண்முன் வருகிற நிலையில் இருக்கிறீர்கள். பிறர் அதிர்ச்சியைத் தொடர்ந்து கேட்பவருக்குள்ளும் அது இறங்கிவிடும் என்பதை மெக்கான், பேர்ல்மன் என்ற இருவர் 1990இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். அதற்கு வைத்தியம் உங்கள் மேற்பார்வை ஆலோசகரிடம் இந்த வாரமே போய்ப் பேசுவதும், கடினமான கேஸ்களைக் கொஞ்சம் குறைப்பதும்தான். பயணத்துக்காக அதைத் தள்ளிப் போடாதீர்கள். நினைவகத்துக்குப் போகும் நாளுக்கு அடுத்த நாள் எந்த நிகழ்ச்சியும் இல்லாமல் இருக்கிறதா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். அங்கே வழிகாட்டுகிற, பேசுகிற உள்ளூர் மக்களுக்குச் சரியான கூலி போகிறதா என்றும் கேளுங்கள். இந்த விஷயம் இத்தோடு போதும்.

அதே மாண்ட்கோமரியில்தான் பேருந்துப் புறக்கணிப்பு நடந்தது. 1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானார். டிசம்பர் 5 முதல் அடுத்த ஆண்டு டிசம்பர் 20 வரை, 381 நாட்கள், அந்த ஊரின் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. அந்த நாட்களை யார் சுமந்தார்கள் என்று பாருங்கள். அந்தப் பேருந்துகளில் போய்வந்தவர்களில் பெரும்பகுதி வெள்ளையர் வீடுகளில் சமைத்துத் துவைத்துக் குழந்தை வளர்த்துக் கொடுத்த பெண்கள். விடியுமுன் எழுந்து மைல் கணக்காக நடந்து போய், பிறர் வீட்டு வேலையை முடித்து, மறுபடி நடந்து வந்து தங்கள் வீட்டு வேலையைப் பார்த்தார்கள். ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு சமையல்காரப் பெண். புறக்கணிப்பை நடத்தியதற்காக மார்ட்டின் லூதர் கிங் மீது போட்ட வழக்கில் கிங்குக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னதற்காக இந்தப் பெண்ணின் வேலை போயிற்று. தன் வீட்டுச் சமையலறையையே களமாக்கிக்கொண்டார். பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமைத்து விற்று, அந்தக் காசைப் போராட்டத்துக்கு வாராவாரம் கொடுத்தார். யார் கொடுத்தது என்று தெரிந்தால் அந்தப் பெண்களின் வேலை போய்விடும் என்பதால், பணம் எங்கிருந்தும் வரவில்லை என்று பொருள்படும்படி அந்தக் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். மேடையில் பேசியவர்களை உலகம் அறியும். அவர்களுக்குச் சோறு போட்ட கைகளை ரொம்ப காலம் யாரும் தேடவில்லை.

நீங்கள் அந்த ஊரில் நின்று இதைக் கேட்டு, உங்கள் குழுவோடு வட்டமாக உட்கார்ந்து கண் கலங்குவீர்கள். உண்மையாகவே கலங்குவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்படிக் கலங்குகிற நேரத்தில் உங்கள் அக்கா அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருப்பார். அவர் பார்த்துக்கொள்வதால்தான் உங்களால் அங்கே உட்கார முடிகிறது. இது தெரியாமல் நீங்கள் அங்கே போகக்கூடாது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பெற்றவரைப் பார்ப்பது பெற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் சமமான கடமை. கல்யாணம் ஆகவில்லை என்பதற்காக அது ஒருத்தியின் தலையில் இறங்கிவிடாது. கல்யாணம் ஆகிவிட்டது என்பதற்காக இன்னொருத்தியின் தலையிலிருந்து இறங்கியும் போகாது. உங்களுக்குக் கணவர் இருக்கிறார் என்றால் உங்கள் வீட்டில் கைகள் அதிகம் என்று அர்த்தம். தாராளமாகப் போய் வரச் சொன்ன உங்கள் கணவர், மாமியார் வீட்டில் ஓர் இரவு தங்கி அவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும் கை கொடுக்கட்டும். செலவில்லாத தாராளம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பயணத்துக்கு முன்னால் பத்து நாள் லீவு எடுத்து அம்மா வீட்டில் போய் இருங்கள். அந்தப் பத்து நாளும் அக்கா அங்கே இருக்கக் கூடாது. எங்கே போவது, யாரோடு போவது, போகாமல் ஒரு தோழி வீட்டில் படுத்துத் தூங்குவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். செலவு உங்களுடையது. அதற்கு முன் ஒன்றிரண்டு நாள் அவர் கூடவே இருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் படுத்தால் அம்மாவுக்கு வலிக்கும், எந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டும், எந்த அழுகை வலி, எந்த அழுகை பயம் என்பதெல்லாம் அக்காவின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிளையன்ட்களை ஒப்படைக்கும்போது குறிப்பு எழுதிக் கொடுக்கிறீர்கள் அல்லவா, அந்தக் கவனத்தோடு எழுதுங்கள். பிறகு நீங்கள் பயணம் போகும் பத்து நாளுக்குக் கூலி கொடுத்து ஒரு துணை ஆளை அமர்த்துங்கள். திரும்பி வந்த பிறகும் மாதத்தில் இத்தனை நாள் உங்களுடையது என்று நிரந்தரமாக ஒன்று இருக்க வேண்டும். இதை வழக்கமாக்க மாட்டீர்கள் என்றால் முதல் பத்து நாளையும் செய்யாதீர்கள், அக்காவுக்கு அது வெறும் ஏமாற்றமாகத்தான் போய்ச் சேரும்.

பணத்தையும் பேசுங்கள். சகோதரிகளுக்குள் என்ன கணக்கு என்று கூச்சப்படாதீர்கள். வேலையை விட்டபோது அக்கா சம்பளத்தையும், முதுமைக்குச் சேர்ந்திருக்க வேண்டியதையும் சேர்த்தே விட்டார். அதில் ஒரு பகுதியாவது மாதாமாதம் உங்கள் வருமானத்திலிருந்து அவர் பெயரில் சேர வேண்டும். அம்மாவின் சொத்து என்று ஏதாவது இருந்து, அதில் உங்களுக்கும் பங்கு வந்தால், உங்கள் பங்கை அக்காவுக்கு விட்டுக்கொடுப்பதுதான் நியாயம் என்பேன்.

"எனக்கெதுக்கு ஓய்வு, நீ போய் வா" என்றுதான் அக்கா முதலில் சொல்வார். அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பிவிடாதீர்கள். ஒருவர் சொல்லும் முதல் 'வேண்டாம்' எதனால் வருகிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒருவேளை கோபப்படுவார். நான்கு வருடக் கோபம் மொத்தமாக வரும். அப்போது தொழில் குரலில் பேசாதீர்கள். "நீ இப்போது என்ன உணர்கிறாய்" என்று கேட்காதீர்கள். அக்காவை கிளையன்ட் ஆக்கிவிடாமல், தங்கையாக உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள்.

சுயநலமா என்று கேட்டிருந்தீர்கள். பயணம் சுயநலமில்லை. அக்காவிடம் சொல்லாமல் டிக்கெட் எடுப்பது சுயநலம். உங்கள் குற்றவுணர்வும் அதைத்தான் சொல்கிறது. நீங்கள் அதைப் பயணத்தின் மேல் போட்டுவிட்டீர்கள்.

முன்பணம் மாத இறுதிக்குள் கட்ட வேண்டும் என்கிறீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பணம் கட்டாமல், டிக்கெட் எடுக்காமல் அம்மா வீட்டுக்குப் போங்கள். வழக்கமாகக் கிளம்பும் நேரத்தில் கிளம்பாமல் இரவு அங்கேயே தங்குங்கள். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் முறை உங்களுடையதாக இருக்கட்டும், அக்கா வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். காலையில் அவர் எழுந்த பிறகு பயணத்தைப் பற்றியும் அந்தப் பத்து நாளைப் பற்றியும் சொல்லுங்கள். அவருடைய பத்து நாள் எந்தத் தேதியில் என்று அவர் சொல்லட்டும். அதைக் குறித்துக்கொண்ட பிறகு உங்கள் முன்பணத்தைக் கட்டுங்கள்.