முஸ்லிம் ஒருவரைக் கட்டிக்கொள்வதற்காகத் தங்கை மதம் மாறப் போகிறாள், சட்டப்படி தடுக்க முடியுமா?

முடியாது. தங்கைக்கு 24 வயது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 12(4) பிரிவு 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் மதத்தைத்தான் பெற்றோர் அல்லது காப்பாளர் கையில் கொடுக்கிறது. அண்ணனுக்கு அதில் வேலையே இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அக்கா எல்லாம் முடித்துவிட்டு வந்துதான் சொன்னாள். அப்பா ரொம்ப நாள் பேசவில்லை. அம்மா அழுது ஓய்ந்துவிட்டு, சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் போய்ப் புதுக் குவாலியும் (வாணலி) நாலு தட்டும் வாங்கி வந்து மேல் அலமாரியில் தனியாக வைத்துவிட்டார். தீபாவளிக்கு அக்கா வந்தால் அதில்தான் ஹலால் கோழி பிரட்டல். "பழைய சட்டியைக் கழுவினா போதும்மா" என்று அக்காவே சொன்னாலும் கேட்பதில்லை. மாமா ஒருவர் மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மானம் போய்விட்டது என்று பக்கம் பக்கமாக எழுதினார். அக்கா நடத்திய சீட்டில் முதலில் எடுத்துக்கொண்டு மிச்சத் தவணையைக் கட்டாமல் இழுத்தடித்தவரும் இவர்தான். அந்தப் பணம் இன்னும் வந்தபாடில்லை, அதில் மட்டும் மானம் போகவில்லையாம்.

நான் மதமாற்றத்துக்கு வக்காலத்து வாங்குவதாகச் சொல்லி, ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற தாயின் வழக்கைத் தூக்கிக்கொண்டு சிலர் வருவார்கள். ஐயா, அது வேறு. அந்த அம்மாவின் மூன்று பிள்ளைகளையும் 2009-ல் கணவர் அவருக்குத் தெரியாமல் இஸ்லாத்துக்கு மாற்றினார், கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனார். தாய் தந்தை இருவர் சம்மதமும் வேண்டும், அந்த மதமாற்றம் செல்லாது என்று 2018-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அங்கே தாயை யாரும் கேட்கவில்லை. இங்கே உங்கள் தங்கை தானே முடிவெடுக்கிறாள். இரண்டுக்கும் ஒரே கூச்சல் போடுகிறவர்களுக்கு யாருடைய உரிமையும் பெரிதில்லை, எந்த மதத்தில் எத்தனை பேர் என்ற தலைக்கணக்குதான்.

ஆனால் மிரட்டாமல் அவளிடம் ஒன்று சொல்லுங்கள். உள்ளே போவது போல வெளியே வருவது சுலபமில்லை. ஐசியில் (அடையாள அட்டையில்) இஸ்லாம் என்பதை எடுக்க ஷரியா நீதிமன்றச் சான்று வேண்டும் என்று 2007-ல், இஸ்லாத்தை விட்டுக் கிறிஸ்தவரான லீனா ஜாய் என்ற பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம் பினாங்கில் திருமணத்துக்காக மாறிய ஒரு சீனப் பெண்ணை வெளியேற 2008-ல் ஷரியா நீதிமன்றம் அனுமதித்தது, அதுவும் வழக்குப் போட்ட பிறகுதான். அப்புறம் ஊழியர் சேமநிதியில் (EPF) வாரிசாக யார் பெயரைப் போட்டிருக்கிறாள் என்று கேட்டு வையுங்கள். முஸ்லிம் உறுப்பினர் இறந்தால், அதில் பெயர் உள்ளவர் பணத்தை வாங்கி உரியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளி மட்டும்தான். இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.